30 பேருக்கு டாக்கோவும் கோப்பியும்: கை தவறும் இடங்கள்

புதுமனை புகுவிழா, பிறந்தநாள், தீபாவளி கழிந்த வார இறுதி என்று 30 பேர் வீட்டுக்கு வந்தால் சிங்கப்பூரில் நம்மவர்கள் பிரியாணிக்கோ மீஹூனுக்கோ சொல்லிவிடுவது வழக்கம். இப்போது பிள்ளைகள் டாக்கோ கேட்கிறார்கள், அதாவது டோர்ட்டியா ரொட்டியில் கறியோ பீன்ஸோ வைத்து மடிக்கும் மெக்சிகோ உணவு. நமக்கும் ஒரு தைரியம். டோர்ட்டியா என்றால் சப்பாத்தி மாதிரி, பீன்ஸ் என்றால் ராஜ்மா, சால்சா என்றால் தக்காளிச் சட்னி, இதில் என்ன பெரிய வித்தை என்று இறங்கிவிடுகிறோம். நான் பார்த்தவரை பாதித் தவறுகள் இந்த நினைப்பில்தான் தொடங்குகின்றன. மெக்சிகோ அடுப்படிக்கும் நம் அடுப்படிக்கும் உறவு உண்டு. ஆனால் நாம் அதைத் தேடும் இடம் வேறு, அது இருக்கும் இடம் வேறு.

முதலில் மாவு. பேரங்காடியில் கிடைக்கும் கார்ன் ஃப்ளோர் வெறும் மாச்சத்து, சூப்பைக் கெட்டியாக்கத்தான் ஆகும். லிட்டில் இந்தியாவின் தேக்கா கடைகளில் கிடைக்கும் மக்காச்சோள ஆட்டா உலர்ந்த சோளத்தை அப்படியே அரைத்தது. அதைப் பிசைந்து அழுத்தினால் ஓரமெல்லாம் வெடிக்கும், மடித்தால் இரண்டாக உடையும். நானும் ஒருமுறை இரண்டு கிலோ வாங்கி, வெந்நீரை மாற்றி மாற்றி ஊற்றிப் பார்த்துவிட்டுக் கடைசியில் கஞ்சியாகக் காய்ச்சினேன். மெக்சிகோவில் சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, ஊறவிட்டு, தோலைக் கழுவிவிட்டுத்தான் அரைப்பார்கள். இதற்கு நிக்ஸ்டமால் முறை என்று பெயர். சுண்ணாம்பு பட்டதும் மாவுக்கு ஒட்டும் தன்மை வருகிறது, சோளத்துக்குள் பூட்டிக் கிடக்கும் நியாசின் சத்தும் உடம்பில் சேர்கிறது. இந்த முறையை விட்டுவிட்டுச் சோளத்தை மட்டும் எடுத்துப்போன ஐரோப்பாவில், அதையே நம்பி வாழ்ந்த ஏழைகளை, நியாசின் குறைவால் வரும் பெலாக்ரா நோய் வாட்டியது. வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பும் இதே கால்சியம் ஹைட்ராக்சைடுதான். அந்தக் கல் அம்மியும் குழவியும்கூட அங்கே உண்டு, பெயர் மெத்தாத்தே. உறவு என்றேனே, அது இங்கே இருக்கிறது.

அதற்காக வீட்டில் சோளத்தை வேகவைக்கச் சொல்லவில்லை. பொட்டலத்தில் மாசா ஹரினா என்று பார்த்து வாங்குங்கள், அது இப்படிச் சுண்ணாம்பு நீரில் பக்குவப்படுத்திய சோள மாவு. ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 1.4 லிட்டர் வெதுவெதுப்பான நீர் ஊற்றிப் பிசைந்து, ஈரத்துணி மூடி அரை மணி நேரம் வைத்து, 30 கிராம் உருண்டைகளாகப் பிடித்தால் 75-க்குக் குறையாமல் வரும். ஆளுக்கு மூன்று என்றால் 90 வேண்டும். விருந்து நாளில் ஒருவர் ஒற்றைக் கையாக 90 தட்டிச் சுடுவது சாத்தியமில்லை என்பதை முன்பே ஒப்புக்கொண்டு, ஆயத்த டோர்ட்டியா வாங்கிவிடுவது நல்லது. வாங்கியதைப் பொட்டலத்திலிருந்து அப்படியே பரிமாறினால் உடையும். எண்ணெய் தடவாத தோசைக்கல்லில் ஒவ்வொன்றையும் இருபுறமும் காட்டி, துணியில் சுற்றி, ஹாட்பேக்கில் மூடி வைத்தால் தன் ஆவியிலேயே மெத்தென்று ஆகும். கோதுமை டோர்ட்டியா வட மெக்சிகோ வழக்கம். அதன் இடத்தில் சப்பாத்தி நிற்கும், சோள டோர்ட்டியாவின் இடத்தில் நிற்காது.

அடுத்த தவறு மசாலா டப்பா. கோழி வதங்கும்போது நம் கை தானாகவே சீரகத்தூளுக்கும் மல்லித்தூளுக்கும் கரம் மசாலாவுக்கும் போகும். போட்டுவிட்டால் சப்பாத்தியில் சுற்றிய கோழிப் பிரட்டல்தான் கிடைக்கும். மெக்சிகோ சமையலில் சீரகம் ஒரு சிட்டிகை. ருசியைத் தாங்குவது காய்ந்த மிளகாய்தான், அதுவும் காரத்துக்காக மட்டும் அல்ல. ஆஞ்சோ மிளகாயில் ஒரு பழ இனிப்பு இருக்கும். சிப்போட்லே, பழுத்த ஹலப்பேன்யோவைப் புகையில் வாட்டியது. அவை கிடைக்காவிட்டால் நம் குண்டு மிளகாயை அதே எண்ணிக்கையில் போடாதீர்கள், நாக்கு எரிந்துபோகும். காஷ்மீர் மிளகாயை லேசாக வாட்டி, வெந்நீரில் ஊறவைத்து அரைத்தால் நிறமும் கனமும் கிடைக்கும். வாட்டும்போது கருகினால் கசப்பு ஏறும், அதைப் பிறகு எதைப் போட்டும் எடுக்க முடியாது.

சால்சாவில் கடுகு தாளிக்க வேண்டாம். தக்காளி, வெங்காயம், பூண்டு, பச்சை மிளகாயை வெறும் தோசைக்கல்லில் தோல் ஆங்காங்கே கறுக்கும்வரை வாட்டி, உப்பும் எலுமிச்சையும் சேர்த்துக் கொரகொரப்பாக அரைத்தால் போதும். பச்சையாக அரைத்தால் பச்சை வாசனை அடிக்கும், தண்ணீரும் விடும்.

கூட்டத்துக்கு நான் எப்போதும் சொல்வது புவெப்லா ஊரின் டிங்கா. வேகவைத்து உதிர்த்த கோழியை வெங்காயம், தக்காளி, சிப்போட்லேயில் வதக்குவது. 3 கிலோ எலும்பில்லாத தொடைக்கறி 30 பேருக்குச் சரியாக இருக்கும். சைவத்தாருக்கு அதே குழம்பில் பலா மூசு போடலாம்.

பீன்ஸில் உடல்நலம் சம்பந்தப்பட்ட ஒரு விஷயம் இருக்கிறது. ராஜ்மாவில் இயற்கையாகவே ஒரு லெக்டின் நஞ்சு உண்டு. குறைந்தது 5 மணி நேரம் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டி, புதுநீரில் 30 நிமிடமாவது தளதளவெனக் கொதிக்க வேண்டும். குக்கரில் வைத்தால் கவலையில்லை. மெதுவாகச் சூடேறும் ஸ்லோ குக்கரில் ஊறிய ராஜ்மாவை நேராகப் போடுவதுதான் ஆபத்து. அரைவேக்காட்டில் அந்த நஞ்சின் வேகம் கூடும், விருந்தினர் சில மணி நேரத்திலேயே வாந்தி எடுப்பார்கள். டப்பாவில் வரும் மசித்த பீன்ஸ் வாங்கினால் பின்பக்கத்தைப் படியுங்கள். மெக்சிகோவில் அதைப் பன்றிக்கொழுப்பில் வதக்குவது மரபு. முஸ்லிம் நண்பர்களும் சைவ உறவினர்களும் ஒரே மேசையில் சாப்பிடும் ஊர் இது. பொருள்களில் ஹலால் முத்திரை இருக்கட்டும், ஒவ்வொரு பாத்திரத்துக்கும் தனிக் கரண்டி இருக்கட்டும், எதில் என்ன இருக்கிறது என்று ஒரு சீட்டும் இருக்கட்டும்.

டாக்கோவை முன்கூட்டியே நிரப்பி அடுக்கினால் அரை மணியில் சொதசொதவென்று ஆகிவிடும். எல்லாவற்றையும் தனித்தனியாக வைத்து அவரவரே நிரப்பிக்கொள்ள விடுங்கள். புளோக்கின் கீழ்த்தளத்தில் விருந்து என்றால் வெயிலும் புழுக்கமும் சேர்ந்துகொள்ளும். சூடான உணவு 60 டிகிரி செல்சியஸுக்கு மேல், குளிர்ந்தது 5-க்குக் கீழ். இடைப்பட்ட சூட்டில் கிருமி பெருகும், 4 மணி நேரம் அப்படிக் கிடந்ததை யோசிக்காமல் கொட்டிவிட வேண்டும். டிங்காவைப் பெரிய ரைஸ் குக்கரில் ‘வார்ம்’ நிலையில் வைப்பது எளிய வழி. அவகாடோவை மசித்துச் செய்யும் குவாக்கமோலேயில் அதன் கொட்டையைப் போட்டு வைத்தால் கறுக்காது என்பது நம்பிக்கை மட்டுமே. காற்று படாதபடி பிளாஸ்டிக் தாளை அதன் மேலேயே ஒட்ட மூடுங்கள்.

இனி கோப்பி. மெக்சிகோவில் மண்பானையில் வைக்கும் கஃபே தே ஓயா நம் நாக்குக்கு உடனே பிடிக்கும், ஏனென்றால் அதில் இருப்பது வெல்லமும் பட்டையும். அங்கே பிலோன்சியோ என்பார்கள், சுத்திகரிக்காத கரும்புச் சர்க்கரை. அதனால் அச்சு வெல்லம் பொருந்தும், குலா மெலாக்கா தென்னையின் ருசியைக் கொண்டுவந்துவிடும். பட்டையில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். மெக்சிகோ விரும்பி வாங்குவது இலங்கைப் பட்டை. தாள் தாளாகச் சுருண்டு, விரலால் நொறுக்கினால் உடையும். கடைகளில் பெரும்பாலும் கிடைக்கும் தடித்த கட்டைப் பட்டை காசியா, உறைப்பு அதிகம்.

கோப்பிக்கடைத் தூளையும் இதற்கு எடுக்காதீர்கள். நம் ஊர்க் கோப்பிக்கொட்டை சீனியும் மார்ஜரினும் சேர்த்துக் கருக வறுத்த ரொபஸ்டா வகை. கெட்டிப்பாலோடு அது அருமை, வெல்லத்தோடு சேர்ந்தால் கசப்பு மேலேறும். சிக்கரி கலந்த ஃபில்டர் தூளும் வேண்டாம். நடுத்தரமாக வறுத்த அராபிகாவைப் பருமனாக அரைத்து வாங்குங்கள். 5 லிட்டர் நீரில் 400 கிராம் வெல்லம், 5 பட்டை, சில கிராம்பு போட்டு 10 நிமிடம் கொதிக்க வையுங்கள். அடுப்பை அணைத்த பிறகே 300 கிராம் தூள். மூடி 5 நிமிடம் விட்டு, துணியில் வடிகட்டுங்கள். தூளோடு சேர்த்துக் கொதிக்கவிட்டாலும், வடித்ததை மணிக்கணக்கில் அடுப்பில் வைத்தாலும் கசந்துவிடும், ஃபிளாஸ்க்கில் ஊற்றிவிடுங்கள். பாத்திரம் எவர்சில்வரே போதும், மண்பானை இன்டக்‌ஷன் அடுப்பில் சூடேறாது.

பால் கேட்பவர்கள் இருப்பார்கள். கொதிக்கும் வெல்லக் கோப்பியில் பாலை ஊற்றினால் திரிந்துபோகும், வெல்லப் பாயசம் வைத்தவர்களுக்கு இது தெரியும். சற்று ஆறிய பிறகு, கோப்பையில் தனியாக ஊற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். மதிய விருந்துக்கு ஐஸ் போட்டுக் கொடுப்பதானால் முதல் நாளே கொஞ்சம் கோப்பியை ஐஸ் தட்டில் உறையவைத்து விடுங்கள், உருகினாலும் ருசி நீர்க்காது. பிள்ளைகளுக்கும் இரவு தூக்கம் வராத பெரியவர்களுக்கும் தூள் போடும் முன்பே ஒரு லிட்டரைத் தனியாக எடுத்து வையுங்கள். அங்கே அந்தப் பட்டைத் தண்ணீருக்கே தே தே கனேலா என்று பெயர், அதையும் டம்ளர் டம்ளராகக் குடிக்கிறார்கள்.