ஃபிஷ் ஃபைண்டர் திரை தெளிவாகத் தெரிய: சோனார் அமைப்புகளை எந்த வரிசையில் மாற்றுவது?

திரை முழுக்கப் புள்ளிகள். எது மீன், எது குமிழி, எது எஞ்சின் இரைச்சல் என்று பிரித்தறிய முடியாது. நீருக்குள் ஒலியை அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியை வைத்து மீனையும் தரையையும் திரையில் காட்டும் சோனார் கருவிதான் ஃபிஷ் ஃபைண்டர். புதிதாக அதை வாங்கியவர்கள் பலர் இந்தக் கட்டத்தில்தான் சலித்துப்போய், எல்லாவற்றையும் ஆட்டோவில் விட்டுவிடுகிறார்கள். பெரும்பாலும் கருவியில் கோளாறு இருப்பதில்லை. கண்ணில் பட்ட அமைப்பை எல்லாம் வரிசையில்லாமல் மாற்றுவதுதான் சிக்கல். என் படகில் திரை தெளிந்தது வரிசையைப் பிடித்த பிறகுதான். அதையே இங்கே எழுதுகிறேன்.

டிரான்ஸ்டியூசர் (ஒலியை நீருக்குள் அனுப்பி எதிரொலியை வாங்கும் பாகம்) படகில் பொருத்தியாகிவிட்டது, மெனுவுக்குள் போய்வரத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன். அலகு மீட்டரா, அடியா, பாகமா என்பதையும், நீர் நன்னீரா உப்புநீரா என்பதையும் முதலிலேயே தேர்ந்தெடுத்துவிடுங்கள். ஒன்றை மட்டும் மனத்தில் நிறுத்துங்கள்: திரையின் வலது ஓரம்தான் இந்த நொடி. இடப்பக்கம் நகர்ந்துபோவது எல்லாம் படகு ஏற்கெனவே கடந்துவிட்ட நீர்.

படி 1: மீன் படங்களை அணையுங்கள்

மீன் வடிவப் படங்களைக் காட்டும் வசதியை முதல் வேலையாக அணையுங்கள். தரையைத் தொடாமல் நீரின் நடுவில் தெரியும் எதிரொலியைக் கருவி மீன் என்று ஊகிக்கிறது. மிதக்கும் பாசியும் குமிழிக் கூட்டமும்கூட அங்கே மீனாகிவிடும். உண்மையான எதிரொலியைப் பார்த்துப் பழகினால்தான் கண் தேறும்.

படி 2: அதிர்வெண்

200 கிலோஹெர்ட்ஸ் நுணுக்கமாகக் காட்டும், அதன் ஒலி குறுகலான கூம்பாக இறங்கும். 50 அல்லது 83 கிலோஹெர்ட்ஸ் அகலமாக விரியும், நுணுக்கம் குறையும். மிக ஆழமான கடலுக்கு 50 கிலோஹெர்ட்ஸ்தான் கைகொடுக்கும், ஏனென்றால் அதிர்வெண் கூடக்கூட நீர் ஒலியை அதிகமாக உறிஞ்சிக்கொள்ளும். கூம்பின் அகலத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 20 டிகிரிக் கூம்பு 10 மீட்டர் ஆழத்தில் தரையில் சுமார் மூன்றரை மீட்டர் அகல வட்டத்தைத்தான் பார்க்கிறது. 60 டிகிரி என்றால் அதே ஆழத்தில் பதினொன்றரை மீட்டர். மீன் தெரிகிறது, ஆனால் படகுக்கு நேர் கீழே இல்லை என்ற குழப்பம் அகலக் கூம்பில்தான் வரும். ஆழம் குறைந்த நீரில் நான் எப்போதும் 200-ஐத்தான் தேர்ந்தெடுப்பேன். உங்கள் கருவியில் சிர்ப் (CHIRP) வசதி இருந்தால் யோசிக்காமல் அதைப் பயன்படுத்துங்கள். ஒரே அதிர்வெண்ணுக்குப் பதிலாக ஒரு வரிசை அதிர்வெண்களை அது அனுப்புவதால், நெருங்கி நிற்கும் இரண்டு மீன்கள் ஒரே திட்டாகக் கலந்துவிடாமல் தனித்தனியாகத் தெரியும்.

படி 3: சென்சிடிவிட்டி

முழு வேலையும் இங்கேதான் இருக்கிறது. நான் அதிக நேரம் நின்றதும் இங்கேதான். லோரன்ஸ், ஹம்மின்பேர்டு கருவிகளில் இதன் பெயர் சென்சிடிவிட்டி. கார்மின், ஃபுருனோ கருவிகளில் கெயின். திரும்பி வரும் எதிரொலியைக் கருவி எந்த அளவுக்குப் பெருக்கிக் காட்ட வேண்டும் என்பதை இது தீர்மானிக்கிறது. குறைத்தால் சிறு மீன்கள் மறையும். கூட்டினால் திரை முழுக்கத் தூசிபோன்ற தேவையற்ற புள்ளிகள்.

சரியான அளவைக் கண்டுபிடிக்க நம்பகமான வழி ஒன்று உண்டு: இரண்டாவது எதிரொலி. ஒலி தரையில் பட்டு மேலே வந்து, நீரின் மேற்பரப்பில் மோதி, மீண்டும் தரைக்குப் போய்த் திரும்புகிறது. அதனால் உண்மையான ஆழத்துக்குச் சரியாக இரண்டு மடங்கில் இன்னொரு மங்கலான தரை தோன்றும். அது தோன்றினால், பலவீனமான எதிரொலிகளையும் காட்டும் அளவுக்கு சென்சிடிவிட்டி ஏறிவிட்டது என்று பொருள்.

எல்லா விளக்கங்களும் இதைச் சொல்கின்றன. பல விளக்கங்கள் விட்டுவிடுவது ஆழ வரம்பை, அதாவது திரை எந்த ஆழம் வரை காட்ட வேண்டும் என்ற அமைப்பை. ஆட்டோவில் இருக்கும் கருவி, தரை திரையின் கீழ்ப்பகுதியில் வரும்படி வரம்பைத் தானாக அமைத்துக்கொள்ளும். ஆழம் 12 மீட்டர், வரம்பு 0 முதல் 16 என்றால், 24 மீட்டரில் வர வேண்டிய இரண்டாவது தரை திரைக்கு வெளியே போய்விடும். நீங்கள் சென்சிடிவிட்டியை உச்சம் வரை ஏற்றினாலும் அது கண்ணில் படாது. ஆகவே இப்படிச் செய்யுங்கள்:

முதலில் வரம்பை மேனுவலுக்கு மாற்றி, ஆழத்தைப் போல இரண்டரை மடங்கு வையுங்கள். 12 மீட்டருக்கு 0 முதல் 30. பிறகு சென்சிடிவிட்டியையும் மேனுவலுக்கு மாற்றி, ஒவ்வொரு புள்ளியாக ஏற்றுங்கள். ஒவ்வொரு முறையும் வலது ஓரத்தில் புதிய கோடுகள் வந்து சேரும்வரை காத்திருந்து பாருங்கள். பழைய படத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். 24 மீட்டரில் மங்கலான பட்டை எழும். அது தெளிவாகத் தெரிந்ததும், மறையும் வரை மெல்லக் குறையுங்கள். மறைந்த இடத்தில் நிறுத்துங்கள். இப்போது வரம்பை மீண்டும் சுருக்கி, தரை திரையின் முக்கால் பங்கில் வரும்படி வையுங்கள்.

தொடுதிரையை விட, அழுத்தும் பொத்தானோ திருகுமுனையோ உள்ள கருவியையே நான் விரும்புவதற்கு இந்தப் படிதான் காரணம். ஈரக் கையோடு தொடுதிரையில் ஒரு புள்ளி மட்டும் ஏற்றுவது கடினம்.

படி 4: இரைச்சலை அதன் வேரிலேயே பிடியுங்கள்

இரைச்சல் வடிகட்டியை உடனே உச்சத்தில் வைக்காதீர்கள். அது இரைச்சலோடு சேர்த்துப் பலவீனமான மீன் எதிரொலிகளையும் விழுங்கிவிடும். முதலில் வடிகட்டியை அணைத்துவிட்டு, இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்.

எஞ்சினை நிறுத்தி, படகை மிதக்கவிட்டுத் திரையைக் கவனியுங்கள். பிறகு எஞ்சினை இயக்கி, கியரை நியூட்ரலிலேயே வைத்து வேகத்தைக் கூட்டுங்கள். படகு நகராமலேயே கோடுகள் அதிகரித்தால் அது மின் இரைச்சல். டிரான்ஸ்டியூசர் கேபிளை எஞ்சின் வயர்களிடமிருந்து பிரித்து வேறு வழியாக இழுங்கள். முடிந்தால் கருவிக்கென்று தனி பேட்டரி வையுங்கள். தனி பேட்டரிக்குச் செலவு செய்யலாமா என்று யாராவது கேட்டால், யோசிக்காமல் செய்யுங்கள் என்றுதான் சொல்வேன்.

நியூட்ரலில் திரை சுத்தமாக இருந்து, படகு ஓடும்போது மட்டும் குலைந்தால் அது குமிழி. டிரான்ஸ்டியூசரின் முகத்துக்கு அடியில் காற்று புகுகிறது. அதைக் கொஞ்சம் கீழே இறக்குங்கள், அல்லது படகின் அடியில் உள்ள வரிமேடுகளுக்கும் திருகாணித் தலைகளுக்கும் பின்னால் வராத இடத்துக்கு மாற்றுங்கள். எந்த மெனுவும் இதைச் சரிசெய்யாது. இந்த இரண்டு வேலையும் முடிந்த பிறகும் எஞ்சுவதற்கு, வடிகட்டியைக் குறைந்த நிலையில் இயக்கினால் போதும். மேற்பரப்பை ஒட்டிய தூசிக்குத் தனியாக ஓர் அமைப்பு இருக்கும். மேல்மட்ட மீன்களைத் தேடுபவர்கள் அதைக் கூட்டவே வேண்டாம்.

படி 5: திரை நகரும் வேகம்

படகு மெதுவாகப் போகும்போது நடுத்தர வேகம், விரைவாகப் போகும்போது உச்ச வேகம். ஆழம் கூடினால் படம் இழுபட்டதுபோல் தெரியும், அது இயல்பு. ஒலி நீரில் நொடிக்கு ஏறக்குறைய 1,500 மீட்டர் போகிறது; 30 மீட்டர் ஆழத்துக்குப் போய்த் திரும்ப 0.04 நொடிதான் ஆகும், 300 மீட்டருக்கு 0.4 நொடி ஆகிவிடும். அங்கே நொடிக்கு இரண்டு மூன்று துடிப்புகளுக்கு மேல் அனுப்ப முடியாது.

பின்சேர்க்கை

இதைச் செய்துபார்த்த சிலர், இரண்டாவது எதிரொலி வரவே இல்லை என்று எழுதியிருந்தார்கள். விசாரித்தால் எல்லாரும் சேற்றுத் தரையின் மேல் நின்றிருக்கிறார்கள். சேறு ஒலியை உள்ளே வாங்கிக்கொள்ளும். படி 3-ஐப் பாறை அல்லது கெட்டி மணல் தரைக்கு மேல் செய்யுங்கள். அக்கம்பக்கத்தில் சேறு மட்டும்தான் என்றால், திரையில் சிறு தூசி லேசாகப் படரத் தொடங்கும் அளவுக்கு ஏற்றி, அங்கிருந்து ஒன்றிரண்டு புள்ளி குறையுங்கள்.

மீன் திரையில் வில் போன்ற வளைவாகத் தெரியும் என்கிறார்களே, எனக்கு வளைவு வரவில்லையே என்ற கேள்வியும் வந்தது. மீன் கூம்பின் ஓரத்தில் நுழையும்போது டிரான்ஸ்டியூசரிலிருந்து தூரம் அதிகம், நடுவில் குறைவு, வெளியேறும்போது மீண்டும் அதிகம், அதனால்தான் வளைவு. படகும் நின்று மீனும் நின்றால் வருவது நீண்ட கோடு. கோட்டின் நீளத்தைப் பார்த்துப் பெரிய மீன் என்று எண்ணாதீர்கள். நீளம், மீன் கூம்புக்குள் இருந்த நேரத்தை மட்டுமே சொல்கிறது. அளவை ஊகிக்க, கோட்டின் தடிமனையும் நிறத்தின் அழுத்தத்தையும் பாருங்கள்.

இன்னொன்று: சீரான இடைவெளியில் சாய்ந்த புள்ளிக் கோடுகள் ஓடினால், அருகில் வேறொரு படகின் சோனாரும் அதே அதிர்வெண்ணில் இயங்கிக்கொண்டிருக்கலாம். குறுக்கீட்டைத் தடுக்கும் அமைப்பை ஒரு நிலை கூட்டுங்கள், அல்லது அதிர்வெண்ணை மாற்றுங்கள். அந்தப் படகு விலகியதும் பழைய நிலைக்குத் திருப்பிவிடுங்கள்.