ஸ்தோத்திரப் பண்டிகை ஏலத்தை எப்படி நடத்துவது: நோட்டு எழுதுகிறவளின் குறிப்புகள்

விளைச்சலுக்கு நன்றி சொல்லி வீட்டுக்கு வீடு கொண்டுவரும் பொருளை ஏலம் விட்டுச் சபைக்குப் பணம் சேர்க்கிற நாள்தான் ஸ்தோத்திரப் பண்டிகை. எங்கள் சபையில் அந்த ஏலத்துக்கு 19 வருடமாக நான்தான் நோட்டு எழுதுகிறேன். பிழைப்புக்குத் தையல். பண்டிகை வாரத்தில் மட்டும் மெஷினை மூடி வைத்துவிட்டுக் கோயில் வேலையாக அலைவேன். போன மாதம் பக்கத்துச் சேகரத்திலிருந்து (ஒரு போதகர் பார்க்கிற சபைகளின் தொகுதி) இரண்டு தங்கச்சிமார் வீட்டுக்கு வந்து, "அக்கா, இந்த வருஷம் பெண்கள் ஐக்கிய சங்கம்தான் பண்டிகையை நடத்தணும்னு முடிவாயிருக்கு, எங்க தொடங்கணும்னே தெரியல" என்றார்கள். கட்டஞ்சாயா (பால் விடாத தேநீர்) ஆறும் வரை பேசினோம். அன்று சொன்னதையும் சொல்ல விட்டுப்போனதையும் சேர்த்து எழுதுகிறேன். ஊருக்கு ஊர் வழக்கம் மாறும், உங்கள் சபைக்கு எது பொருந்துமோ எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கமிட்டியில் வைத்து, மினிட்ஸில் எழுதி, போதகரிடம் தேதி கேளுங்கள். இரண்டில் ஒன்றை விட்டாலும் பின்னால் மனக்கசப்பு வரும். 1806இல் ரிங்கல்தௌபே என்ற மிஷனரி மயிலாடிக்கு வந்த நாள் தொட்டு நம் பக்கத்துச் சபைகள் லண்டன் மிஷன் வழியில் வளர்ந்தவை. சபையார் கூடிப் பேசி முடிவெடுக்கிற பழக்கம் அங்கிருந்து வந்தது. பேராயர் (பிஷப்) என்ற பொறுப்பு நமக்குச் சேர்ந்தது 1947 செப்டம்பர் 27இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது. கன்னியாகுமரிப் பேராயம் தனியாக அமைந்தது 1959இல். அதனால் நம்மிடம் இரண்டு மரபும் உண்டு, இரண்டு பக்கமும் கேட்டுத்தான் செய்ய வேண்டும். போதகருக்குச் சேகரத்தில் வேறு சபைகளும் இருக்கும். அவருக்கு ஒழிவான ஞாயிறைப் பார்த்துக்கொண்டு, லெந்து காலத்தையும் (ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு நாட்கள்) ஐப்பசி கார்த்திகை மழையையும் தவிர்த்தால் தேதி அதுவாகவே அமைந்துவிடும்.

பணம் எதற்கு என்பதை அறிவிக்கிற அன்றைக்கே சொல்லிவிடுங்கள். மருத்துவ உதவி என்றால் மருத்துவ உதவி, கூரை என்றால் கூரை. "சபைத் தேவைகளுக்காக" என்று பொதுவாகச் சொன்னால் கை நீளாது. அப்புறம் மூன்று ஞாயிறு தொடர்ந்து அறிவிப்பு. முதல் ஞாயிறே வீட்டுக்கு ஒரு துணிப்பை கொடுத்துவிடுவோம், கைப்பிடி அரிசிக்கு. உலையில் போடும்போதெல்லாம் ஒரு பிடி எடுத்துப் பையில் போடுவது. பை தைப்பது என் வேலை, வெட்டிய துணியில் மிஞ்சியதெல்லாம் அதற்குத்தான் போகும். அன்றைய விருந்தில் பாதி அரிசி இந்தப் பைகளிலிருந்து வந்துவிடும்.

பொருள் சேர்ப்பது சனிக்கிழமை சாயங்காலம். ஏத்தன் குலை, மட்டிக்குலை, செவ்வாழை, தேங்காய், சக்கை (பலா), மரச்சீனி (மரவள்ளி), நல்லமிளகு, கருப்பட்டி, ரப்பர் ஷீட், கோழி என்று என்னவெல்லாமோ வரும். மட்டிப் பழத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2023இல்தான், எங்கள் ஏலத்தில் அதற்கு எப்போதும் போட்டி இருந்தது. கோழியின் காலைக் கட்டினால் நிழலில் போட்டுத் தண்ணீர் வையுங்கள். பழுத்த சக்கையைக் கோயிலுக்குள் வைக்காதீர்கள், மறுநாள் ஆராதனை முழுக்க அந்த மணம்தான் இருக்கும்.

இங்கே ஒரு காரியத்தை மட்டும் கண்டிப்பாகச் செய்யச் சொல்வேன். ஒரே எண்ணை இரண்டு சீட்டில் எழுதுங்கள். ஒன்றைப் பொருளில் கட்டுங்கள், மற்றதைக் கொண்டுவந்தவர் கையில் கொடுங்கள். நோட்டில் எண், பொருள், எடுத்தவர், தொகை, வரவு என்று ஐந்து கட்டம் போதும். கொண்டுவந்தவர் பெயருக்குக் கட்டமே வேண்டாம். முன்பு நாங்களும் பெயர் எழுதி, அதைச் சொல்லித்தான் ஏலம் விளித்தோம். பெரிய வீட்டுக் குலைக்குக் கூட்டம் நிமிர்ந்து உட்காரும், சின்ன வீட்டுச் சாமானுக்குப் பேச்சுச் சத்தம் கேட்கும். ஒரு அம்மச்சி வருடந்தோறும் ஒரே ஒரு முட்டை கொண்டுவருவார், சிரட்டையில் உமி நிரப்பி அதில் புதைத்து. சீட்டு முறை வந்த வருடம் அவருக்கு 17ஆம் எண். சீட்டை நாலாக மடித்து முந்தானை நுனியில் முடிந்துகொண்டார். மறுநாள் "பதினேழு" என்று விளித்ததும் முடிச்சை அவிழ்த்து, விரித்துப் பார்த்து, மறுபடி மடித்து முடிந்துகொண்டார். அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளுக்கே அது யார் முட்டை என்று தெரியாது.

ஞாயிறு காலை பொருள்கள் பவனியாக ஆராதனைக்குள் வர வேண்டும். உபாகமம் 26ஆம் அதிகாரத்தில் முதற்பலனைக் கூடையில் வைத்துக் கொண்டுபோகச் சொல்லியிருக்கிறது, அதை வாசிக்கச் சொல்லுங்கள். ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள் முன்னால், வாலிபர்கள் குலையைத் தோளில் தூக்கிக்கொண்டு பின்னால். போதகர் ஜெபித்து ஒப்புக்கொடுத்த பிறகு அது காணிக்கை. ஏலம் ஆசீர்வாதம் முடிந்து, வெளியே பந்தலில்தான். கோயிலுக்குள் விலை பேசக் கூடாது.

ஏலம் விளிக்கிறவர் நல்ல தொண்டை உள்ளவராக இருந்தால் போதாது, யாரையும் சீண்டாதவராக இருக்க வேண்டும். "வெளிநாட்டுக்காரர் இவ்வளவுதானா?" என்று ஒரு தடவை கேட்டுவிட்டால், அந்த மனிதர் அடுத்த வருடம் பந்தலில் நிற்க மாட்டார். வரிசையைக் கலந்து வையுங்கள். பெரிய குலைகளைக் கடைசிக்கு ஒதுக்கினால் சின்னப் பொருள் எல்லாம் முன்னோட்டம் மாதிரி ஆகிவிடும். எடுத்தவரே திரும்பக் கொடுத்து மறு ஏலம் விடச் சொல்வது நம் பக்கத்தில் சகஜம், ஒரு சீப்புப் பழம் நாலு கை மாறும். ஒவ்வொரு தடவையும் புது வரி எழுதுங்கள். பழைய வரியில் அடித்துத் திருத்தினால் சாயங்காலம் கணக்கு இடிக்கும்.

ஒக்கி புயல் 2017 நவம்பர் 30இல் அடித்தது. அதற்கு அடுத்த பண்டிகையில் எங்கள் பந்தலில் கட்டித் தொங்கவிடக் குலை இல்லை. தோட்டத்தைப் புயலுக்குப் பறிகொடுத்த ஒருவர், சாய்ந்த ரப்பர் மரத்தை அறுத்து ஒரு கட்டு விறகு கொண்டுவந்து வைத்தார். "மக்களே, இதையும் எழுதிக்கோ" என்றார். எழுதினேன். அன்றைக்கு அந்த விறகில்தான் சோறு வெந்தது. விளைச்சல் இல்லாத வருடம் பண்டிகையைத் தள்ளிப்போட வேண்டுமா என்று யாராவது கேட்டால், வேண்டாம் என்பேன்.

ஏலப் பந்தலுக்குப் பக்கத்தில் பெண்கள் சங்கத்துக்கு ஒரு மேசை ஒதுக்குங்கள். அச்சுமுறுக்கு, முந்திரிக்கொத்து, ஊறுகாய், கைத்தையல் சாமான். 1820களில் நாகர்கோவிலில் மிஷனரி மனைவிமார் பெண்பிள்ளைகளுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்து, விற்ற பணத்தில் அந்தப் பிள்ளைகளின் பள்ளியை நடத்தினார்கள். தலையணை உறைக்கு ஓரம் பின்னும்போதெல்லாம் எனக்கு அந்த நினைவு வரும்.

பண மேசையில் எப்போதும் இரண்டு பேர், ஒரே வீட்டுக்காரராக இல்லாமல். கார்பன் வைத்த ரசீதுப் புத்தகம். ஜிபே என்றால் சபைக் கணக்கின் கியூஆர் அட்டை மட்டும், பொருளாளரின் சொந்த நம்பர் கூடவே கூடாது. சாயங்காலம் மூன்று பேர் முன்னால் எண்ணி, நோட்டில் கையெழுத்து வாங்கி, திங்கட்கிழமை வங்கியில் கட்டிவிடுங்கள். அடுத்த ஞாயிறு மொத்த வரவு செலவைச் சபையில் வாசித்து, அறிவிப்புப் பலகையிலும் ஒட்டுங்கள்.

பாக்கிதான் கஷ்டமான இடம். உற்சாகத்தில் கை தூக்கிவிட்டு, வீட்டுக்குப் போய்க் கணக்குப் பார்க்கிறவர்கள் எல்லாச் சபையிலும் உண்டு. ஒரு வருடம் பாக்கிக்காரர் பட்டியலை ஆராதனைக்குப் பின் வாசித்தார்கள். கமிட்டி கேட்டது, எழுதிக் கொடுத்தது நான். அதில் ஒருவர் ரப்பர் பால் வெட்டுகிறவர். ஒரு சக்கைக்கு 1,200 ரூபாய் சொல்லியிருந்தார், அப்புறம் மழையில் இரண்டு மாதம் வெட்டே இல்லை. பட்டியல் வாசித்த மறுவாரத்திலிருந்து அந்தக் குடும்பம் கோயிலுக்கு வரவில்லை. நானும் போதகரும் இரண்டு தடவை போய் மன்னிப்புக் கேட்டோம். திரும்பி வர ஒரு வருடம் ஆயிற்று. காணிக்கைக்காக ஒரு வீட்டை வெட்கப்படுத்தினோமே என்று இன்றைக்கும் எனக்கு நெஞ்சு கனக்கும்.

அதன் பிறகு எங்கள் முறை இது. பாக்கி விவரம் பொருளாளருக்கும் எனக்கும் மட்டும் தெரியும். ஒரு மாதம் கழித்து மூடிய கவரில் சீட்டு. அதற்கும் வராவிட்டால் இரண்டு பேர் போய்ச் சாயா குடித்து, நலம் விசாரித்து, எழும்பும்போது "முடியும்போது தாங்க, தவணையாவும் தரலாம்" என்று ஒரு வார்த்தை. முடியவே முடியாது என்று தெரிந்தால் போதகரிடம் சொல்லி அந்த வரியை மூடிவிடுவோம்.

விருந்துக்கு எங்கள் கணக்கு: கிலோ அரிசிக்கு எட்டுப் பேர். 300 பேருக்கு 40 கிலோ அரிசி, 45 கிலோ கோழி, பருப்பு, அவியல், பப்படம், பாயசம். அக்கம்பக்கத்து இந்து, முஸ்லிம் வீடுகளையும் கூப்பிடுகிறோம். கறி சாப்பிடாதவர்களுக்குச் சமையல் தனிப் பாத்திரம், தனிக் கரண்டி, அதற்கென்று ஒரு ஆள். முதல் பந்தியில் வயதானவர்களும் பிள்ளைகளும். சமைத்தவர்களுக்கு முன்கூட்டியே எடுத்து மூடி வையுங்கள், கடைசிப் பந்தியில் அவர்களுக்கு வெறும் சாறுதான் மிஞ்சும்.

படுக்கையில் இருக்கிறவர்கள் பட்டியலைக் காலையிலேயே எடுத்து வைத்திருந்தால், பந்தல் பிரிக்கும் முன் வாலிபர்கள் பொதிச்சோற்றைக் கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம். விருந்துக்கு வர முடியாதவர் வீட்டிலிருந்து வந்த பொருளின் எண்ணையும் (கொண்டுவந்தவர் கையிலுள்ள சீட்டில் இருக்கும்), அது என்ன தொகைக்குப் போயிற்று என்பதையும் ஒரு சீட்டில் எழுதிப் பொதியோடு அனுப்புங்கள். அவர்கள் சோற்றைப் பிரிக்கும் முன் அதைத்தான் பார்ப்பார்கள்.