சுவரில் பாசி ஓவியம் வளர்ப்பது எப்படி?

பாசி (moss), மோர், சர்க்கரை மூன்றையும் மிக்சியில் அரைத்துச் சுவரில் தூரிகையால் பூசினால் பச்சை எழுத்துகள் முளைத்துவிடும் என்னும் செய்முறை நெடுங்காலமாகச் சுற்றிவருகிறது. அதில் பெரும்பாலும் முளைப்பது பூஞ்சணமே. அரைபட்ட துணுக்குகள் காய்ந்து உதிர்ந்தபின் புளித்த வாடையும் எறும்புகளும்தான் மிஞ்சும். ஆகவே பாசியை அரைக்காமல், பாய்போலப் பெயர்த்து ஒட்டும் முறையையே பரிந்துரைக்கிறேன்.

பாசிக்கு உண்மையான வேர் கிடையாது. வேர்போன்ற மெல்லிய இழைகளால் பரப்பைப் பற்றிக்கொண்டு, தண்ணீரைப் பெரும்பாலும் இலைகளின் வழியாகவே அது உறிஞ்சுகிறது என்பதால், பெயின்ட் பூசாத, சொரசொரப்பான, நாளின் பெரும்பகுதி நிழலில் இருக்கும் செங்கல் அல்லது சிமென்ட் சுவரே ஏற்றது. ஓரத்தில் ஏற்கெனவே பாசி படர்ந்த சுவர் கிடைத்தால் வேறு சோதனை தேவையில்லை. பழமையான கட்டடங்களை விட்டுவிடுங்கள். பாசி தேக்கிவைக்கும் ஈரம் அவற்றின் பூச்சைக் கெடுக்கக்கூடும். உரிமையாளரின் அனுமதியும் வேண்டும்.

பாசியைக் காட்டிலிருந்து எடுக்காதீர்கள். நடைபாதை விளிம்பு, பழைய ஓடு போன்ற இடங்களிலிருந்து, ஒவ்வொன்றிலும் சிறு பகுதியை மட்டும் தட்டையான கத்தியால் சுரண்டி எடுங்கள். சிமென்டில் வளர்ந்தது சிமென்டிலேயே எளிதில் பிடிக்கும். மரப்பட்டையில் வளர்ந்தது அங்கே தங்குவது அரிது. பழுப்பாகக் காய்ந்திருந்தாலும் எறிந்துவிட வேண்டாம்: தண்ணீர் தெளித்ததும் சுருண்ட இலைகள் சில நிமிடங்களில் விரிந்து பச்சையாவதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

சுவரைத் தேய்த்துக் கழுவி, நன்றாக நனைத்து, கெட்டி அட்டையில் வெட்டிய வடிவத்தை வைத்துச் சுண்ணக்கட்டியால் வரைந்துகொள்ளுங்கள். கோடுகள் மூன்று விரல் அகலமாவது இருக்கட்டும்; மெல்லிய கோடு இரு விளிம்பிலும் காய்ந்து விரைவில் அறுபடும். சலித்த களிமண்ணைக் கூழ்பதத்தில் குழைத்து மெல்லிதாகப் பூசி, அதன்மேல் பாசியை வைத்து உள்ளங்கையால் அழுத்திப் பிடியுங்கள்.

இனி எல்லாம் தண்ணீர்தான். முதல் நான்கு வாரங்கள் காலையும் மாலையும் மழைநீரைப் பனிபோலத் தெளிக்க வேண்டும். உப்பு மிகுந்த குழாய்நீர் வெள்ளைப் படிவை விடும். உயிருள்ள கலைக்குப் பிறர் கைகளும் வேண்டும். ஜெர்மானியக் கலைஞர் ஜோசப் பாய்ஸ் 1982-இல் ஜெர்மனியின் காசெல் நகரில் தொடங்கிய 7000 மரங்கள் நடும் கலைப்பணி, அவர் 1986-இல் மறைந்தபின் பிறர் கைகளால் 1987-இல்தான் நிறைவடைந்தது. உங்கள் ஓவியமோ நீங்கள் ஒரு வாரம் ஊரில் இல்லாவிட்டாலே தவித்துப்போகும். எனவே அட்டையை வெட்டுமுன், அந்தச் சுவருக்கு அருகில் வசிக்கும் ஒருவரிடம் தெளிப்பானை ஒப்படைத்துவிடுங்கள்.