பழைய கூட்டுக் கணக்கு விட்டுவைத்த முடிச்சு

பிரிட்டனில் வீட்டுக் கடனுக்கு விண்ணப்பிக்கும் முன் கிரெடிட் ரிப்போர்ட்டை, அதாவது என் கடன், கணக்கு வரலாற்றைக் காட்டும் அறிக்கையை, எடுத்துப் பார்த்தேன். பிரிந்து நான்கு வருடமாகியும் முன்னாள் கணவரின் பெயர் ‘நிதித் தொடர்பு’ என்று, அதாவது பணவிஷயத்தில் என்னோடு இணைந்தவர் என்று, அதில் உட்கார்ந்திருந்தது. விவாகரத்தோடு தானாகவே போய்விடும் என்று நினைத்திருந்தேன். போகாது. கல்யாணமோ ஒரே முகவரியோ அந்தத் தொடர்பை உண்டாக்குவதில்லை. கூட்டுக் கணக்கு, கூட்டுக் கடன் போன்றவைதான் உண்டாக்கும். எங்களுக்கோ, மறந்தே போன ஒரு கூட்டு வங்கிக் கணக்கு ஓவர்டிராஃப்டோடு (இருப்புக்கு மேல் எடுத்த கடனோடு) திறந்து கிடந்தது. அந்தக் கடனை அடைத்துக் கணக்கை மூட அவரிடம் பேச வேண்டியிருந்ததுதான் பெரிய தலைவலி. சரி, ஒருவழியாக மூடினோம். அப்புறம் கிரெடிட் ரிப்போர்ட் தரும் நிறுவனங்களான எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், டிரான்ஸ்யூனியன் மூன்றுக்கும் தனித்தனியாகத் தொடர்பை நீக்கச் சொல்லி விண்ணப்பித்தேன். கட்டணம் இல்லை. அவர் கையெழுத்தும் கேட்கவில்லை, அப்பாடா! சில வாரம் கழித்து மூன்று ரிப்போர்ட்டையும் மறுபடி எடுத்தேன். அவர் பெயர் இல்லை.