முதியோர் இல்லத்தில் மூட்டைப்பூச்சியா? சக்கர நாற்காலியையும் பாருங்கள்

முதியோர் இல்லங்களில் மூட்டைப்பூச்சி பல நாள் யார் கண்ணிலும் படாமல் பெருகும். வயதானவர்கள் பலருக்குக் கடித்த இடத்தில் தடிப்போ அரிப்போ வருவதில்லை. மறதி நோய் உள்ளவர்களால் சொல்லவும் முடிவதில்லை. ஆகவே உடம்பை மட்டும் பார்க்காமல் மெத்தையைப் பாருங்கள். தையல் ஓரங்களில் மிளகுப்பொடி தூவியதுபோலக் கரும்புள்ளிகள் தெரிந்தால் அது பூச்சியின் எச்சம்தான். சக்கர நாற்காலி மெத்தையின் உறையையும் கழற்றிப் பாருங்கள். அதைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

விரிப்பு, போர்வை, உடைகளை அறையிலேயே பையில் போட்டுக் கட்டி எடுத்துச் சென்று, 60 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் துவையுங்கள். தாழ்வாரத்தில் உதறிக்கொண்டே நடந்தால் பக்கத்து அறைக்கும் பங்கு போய்விடும்.

ஒரே முறை மருந்தடித்துவிட்டு, 'வேலை முடிந்தது' என்று கையெழுத்துக் கேட்பவரை நம்பாதீர்கள். முட்டைகள் பெரும்பாலும் மருந்துக்குத் தப்பி, ஒன்றிரண்டு வாரத்தில் பொரிந்துவிடும். இரண்டு வாரம் கழித்து மறுபடி வரவேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். கடையில் விற்கும் தெளிப்பானைத் தலையணையில் அடிப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். ஆஸ்துமா உள்ளவருக்கு மூச்சுத் திணறல் வரலாம்.