பழைய ஸ்போர்ட்ஸ் காரில் ஏசி வேலை செய்யவில்லையா? கேஸ் போடும் முன் ஒயரைப் பாருங்கள்

பழைய ஸ்போர்ட்ஸ் காரில் ஏசி குளிரவில்லை என்றதும் எல்லோரும் சொல்வது, "கேஸ் தீர்ந்திருக்கும்." இருக்கலாம். ஆனால் இருபது முப்பது வருடம் என்ஜின் சூட்டில் வெந்த ஒயர், கனெக்டர், ரிலே (சின்ன மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தை இயக்கும் சுவிட்ச்), எர்த் எல்லாம் அதே வண்டியில்தான் இருக்கின்றன. 1990களின் நடுப்பகுதிக்கு முன் வந்த பல கார்களின் ஏசியில் ஆர்12 என்ற குளிரூட்டும் கேஸ் இருந்தது. ஓசோன் படலத்தைக் காக்க 1987-இல் கையெழுத்தான மான்ட்ரியல் ஒப்பந்தத்துக்குப் பிறகு அது படிப்படியாக விலக்கப்பட்டது. அப்படிப்பட்ட வண்டியில் கேஸ் போட்டுப் பார்த்துப் பழுதைத் தேடுவது வீண் செலவு. மின்சாரப் பக்கத்தை முதலில் முடித்துவிடுங்கள்.

தேவையானவை: மல்டிமீட்டர், 12 வோல்ட் டெஸ்ட் லாம்ப், நடுவில் 10 ஆம்பியர் ஃபியூஸ் கோத்த ஒரு ஒயர், உங்கள் மாடலின் ஒயரிங் டயகிராம். டயகிராம் இல்லாமல் இறங்காதீர்கள். ஒரே மாடலில்கூட வருடத்துக்கு வருடம் ஒயர் நிறம் மாறும். ஏசி பைப் எதையும் கழற்றக் கூடாது. என்ஜின் ஓடும்போது பெல்ட் பக்கம் கையும் தொங்கும் துணியும் போகக் கூடாது.

படி 1: எது நின்றிருக்கிறது?

என்ஜினை ஐடிலில் விட்டு, ஏசியைப் போட்டு, ஃபேனை முழு வேகத்தில் வையுங்கள். கேஸை அழுத்தி ஓட்டும் பம்ப்தான் கம்ப்ரஸர், அதன் முன்பக்கம் பாருங்கள். புல்லி எப்போதும் சுற்றும். அதற்கு முன்னால் உள்ள கிளட்ச் தட்டு 'டக்' என்று ஒட்டி, கூடவே சுற்ற வேண்டும். தட்டு விடாமல் சுற்றியும் குளிரவில்லை என்றால் கிளட்சுக்கு மின்சாரம் வருகிறது. பிரச்சினை வேறு இடத்தில், மீதிப் படிகள் உங்களுக்குத் தேவைப்படாது. தட்டு அசையவே இல்லையா? தொடர்ந்து படியுங்கள்.

உள்ளே காற்றே வரவில்லை என்றால் முதலில் பிளோயரைச் சரிசெய்யுங்கள். பல பழைய கார்களில் ஃபேன் சுவிட்ச் வழியாகத்தான் ஏசிக்கு சிக்னல் போகும். ஃபேன் முழு வேகத்தில் மட்டும் ஓடினால், பெரும்பாலும் பிளோயர் ரெசிஸ்டர் எரிந்திருக்கும். முழு வேகத்தில் மின்சாரம் அதைச் சுற்றிக்கொண்டு போய்விடும்.

படி 2: ஃபியூஸ்

கண்ணால் பார்த்தால் போதாது, இரண்டு காலிலும் டெஸ்ட் லாம்ப் எரிய வேண்டும். எரிந்த ஃபியூஸுக்குப் பதிலாக அதைவிடப் பெரியதைப் போடவே கூடாது. ஏசியைப் போட்டதும் புது ஃபியூஸும் போகிறது என்றால் தட்டை இழுக்கும் மின்காந்தமான கிளட்ச் காயிலையும் அதன் குறுக்கே உள்ள டயோடையும் சந்தேகப்படுங்கள். காயில் அணையும்போது எழும் எதிர் வோல்டேஜை விழுங்கத்தான் அந்த டயோடு. அதுவே ஷார்ட் ஆனால் ஃபியூஸ் தாங்காது.

படி 3: கிளட்ச் காயில்

என்ஜினை அணைத்து, கம்ப்ரஸர் கனெக்டரைக் கழற்றுங்கள். பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஃபியூஸ் கோத்த ஒயரைக் காயிலின் பாசிட்டிவ் முனையில் தொடுங்கள். ஒற்றை ஒயர் காயிலுக்கு உடம்பே எர்த். இரண்டு ஒயர் என்றால் மற்றதை எர்த்தில் கொடுங்கள். டயோடு இருப்பதால் முனை மாறக் கூடாது. 'டக்' சத்தம் கேட்டால் காயில் உயிரோடு இருக்கிறது.

அப்புறம் ஓம் அளவு. பொதுவாக 3 முதல் 5 ஓம் வரை காட்டும். முடிவே இல்லாத அளவு என்றால் காயில் அறுந்தது. பூஜ்யத்தை ஒட்டினால் ஷார்ட்.

பழைய வண்டிகளில் அடிக்கடி ஏமாற்றும் பழுது ஒன்று உண்டு. காலையில் ஏசி அருமையாக இருக்கும். வண்டி நன்றாகச் சூடானதும் நின்றுவிடும். ஆறினால் மறுபடி வரும். கேஸ் குறைவு என்று பலர் இதைத்தான் நினைத்துக்கொள்கிறார்கள். செம்பு சூடாக ஆக மின்தடை ஏறும். 20 டிகிரியில் 3.6 ஓம் உள்ள காயில் 100 டிகிரியில் சுமார் 4.7 ஓம் ஆகிவிடும். 14 வோல்ட்டில் 3.9 ஆம்பியர் போன இடத்தில் 3 ஆம்பியர்தான் போகும். காந்தம் அந்த அளவுக்குத் தளரும். தட்டு தேய்ந்து இடைவெளி கூடியிருந்தால் அந்தக் காந்தத்தால் இழுக்க முடியாது. ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) வைத்துச் சுற்றிலும் மூன்று இடத்தில் அளந்து பாருங்கள். பல கம்ப்ரஸர்களில் 0.3 முதல் 0.7 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். சரியான அளவு சர்வீஸ் மேனுவலில் இருக்கும். கூடுதலாக இருந்தால் தட்டுக்குப் பின்னால் உள்ள ஷிம் என்ற மெல்லிய வாஷர் ஒன்றை எடுத்தாலே பல வண்டிகளில் வேலை முடிந்தது.

படி 4: கனெக்டர் வரை மின்சாரம் வருகிறதா?

கனெக்டரைக் கழற்றிவிட்டு மீட்டரில் 12 வோல்ட் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். குழாய் வாயை விரலால் அடைத்திருக்கும்போது பிரஷர் முழுசாகத் தெரியும், விரலை எடுத்தால் சொட்டுதான் வரும். களிம்பு பிடித்த ஒயரும் அப்படித்தான். கனெக்டரை மாட்டி, என்ஜினை ஓடவிட்டு, ஏசியைப் போட்டு, அதன் பின்பக்கம் வழியாக அளவெடுங்கள். பேட்டரியில் 14 வோல்ட் என்றால் இங்கே 13.5-க்குக் கீழே இறங்கக் கூடாது. அடுத்து, கம்ப்ரஸர் உடம்புக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே அளந்தால் 0.2 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். கூடினால் என்ஜின் எர்த் பட்டையைக் கழற்றி, உலோகம் பளபளக்கும்வரை தேய்த்து மாட்டுங்கள். முதல் தலைமுறை மஸ்டா எம்எக்ஸ்-5 போன்ற கார்களில் பேட்டரி டிக்கியில் இருப்பதால், அந்தப் பக்கத்து எர்த்தையும் விடாதீர்கள்.

படி 5: ரிலே

அதே வண்டியில், கால் அமைப்பு ஒன்றாக உள்ள ஹாரன் ரிலேயை மாற்றிப் போட்டுப் பார்ப்பதுதான் சுலபம். சாதாரண நான்கு கால் ரிலேயில் 85, 86 காயில். 30, 87 கான்டாக்ட். என்ஜினை அணைத்து, சாவியை ஆனில் வைத்து, சாக்கெட்டில் 30-ஐயும் 87-ஐயும் ஃபியூஸ் ஒயரால் இணையுங்கள். கிளட்ச் 'டக்' என்றால் அங்கிருந்து கம்ப்ரஸர் வரை பாதை சரி. பழுது ரிலேயிலோ அதை இயக்கும் பக்கத்திலோ இருக்கிறது.

படி 6: பிரஷர் சுவிட்ச்

கேஸ் குறைந்தாலும் அளவுக்கு மீறினாலும் கம்ப்ரஸரைக் காப்பாற்ற இது துண்டித்துவிடும். இரண்டு ஒயர் சுவிட்ச் என்றால் கனெக்டரைக் கழற்றி ஓம் பாருங்கள். பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும். திறந்திருந்தால் உடனே சுவிட்சைக் குற்றம் சொல்லாதீர்கள், பிரஷர் கேஜ் மாட்டுங்கள். ஆர்12-க்குப் பதிலாக வந்த ஆர்134ஏ கேஸ் உள்ள வண்டி முழுக்க ஆறிய பிறகு, 25 டிகிரியில் சுமார் 80 பிஎஸ்ஐ காட்டும். அது உள்ளே திரவம் கொஞ்சமாவது இருக்கிறது என்பதற்கு மட்டுமே சாட்சி. எவ்வளவு என்று சொல்லாது. பிரஷர் இருந்தும் சுவிட்ச் திறந்திருந்தால் சுவிட்சை மாற்றலாம். பிரஷர் இல்லை என்றால் சுவிட்ச் தன் வேலையைத்தான் செய்திருக்கிறது, கசிவைத் தேடுங்கள். சுவிட்சை ஒயரால் இணைத்து வண்டி ஓட்டாதீர்கள். ஆயிலைச் சுற்றவைப்பதே கேஸ்தான். அது இல்லாமல் ஓடினால் கம்ப்ரஸர் பிடித்துக்கொள்ளும்.

படி 7: ஈசியூ

ரிலே காயிலை ஈசியூ, அதாவது என்ஜினின் கம்ப்யூட்டர், இயக்கும் கார்களில், ஆக்ஸிலரேட்டரை முழுசாக மிதித்தால் ஏசியை அது வெட்டிவிடும். சக்தி சக்கரத்துக்குப் போகட்டும் என்பதற்காக. ஆக்ஸிலரேட்டர் எவ்வளவு மிதிபட்டது என்று சொல்லும் த்ராட்டில் சென்சார் தேய்ந்து, ஐடிலிலேயே முழு த்ராட்டில் என்று தப்பாகச் சொன்னால் ஏசி வரவே வராது. என்ஜினை அணைத்து, சாவியை ஆனில் வைத்து, சென்சார் வோல்டேஜைப் பார்த்துக்கொண்டே பெடலை மெதுவாக மிதியுங்கள். எங்கும் குதிக்காமல் சீராக ஏறினால் சென்சார் நன்றாக இருக்கிறது. நடுவில் குதித்தாலோ, மிதிக்கும் முன்பே உச்சத்தில் நின்றாலோ அதை மாற்றிவிட்டு முதல் படியிலிருந்து ஒருமுறை சோதியுங்கள்.