ப்ரோலாக்டினோமா இருக்கு, குழந்தைக்கு ப்ளான் பண்றோம், என்ன பண்ணனும்?

ப்ரோலாக்டினோமான்னா மூளைக்கு அடியில இருக்கற பிட்யூட்டரி சுரப்பில வர்ற கட்டி, பால் சுரக்க வைக்கற ப்ரோலாக்டின் ஹார்மோன அதிகமா சுரக்கும். பிட்யூட்டரில கட்டின்னு ரிப்போர்ட்ல பாத்ததும் நெறைய பேர் குழந்தை ஆசையையே மூட்டை கட்டி வெச்சிடறாங்க, அவ்ளோலாம் பயப்பட வேணாங்க.

முதல்ல எம்ஆர்ஐ ரிப்போர்ட்ல சைஸ் பாருங்க. 10 மி.மீ.க்கு கீழன்னா மைக்ரோ, அதுல கர்ப்பத்தப்ப கட்டி வளந்து தொந்தரவு குடுக்கறது 100ல ரெண்டு மூணு பேருக்குத்தான். 10 மி.மீ.யும் அதுக்கு மேலயும்னா மேக்ரோ, அதுல 100ல 20 பேர் கிட்ட வரும், அதனால மாத்திரைல கட்டிய நல்லா சுருக்கிட்டு, சிலருக்கு ஆபரேஷனும் முடிச்சிட்டு, அப்புறம்தான் ட்ரை பண்ணனும்.

கட்டிய சுருக்கற அந்த மாத்திரை, கேபர்கோலின், பெரும்பாலும் வாரத்துக்கு ரெண்டு தடவைதான், அதான் மறந்துபோகுது, நான் காலண்டர்லயே திங்கள் வியாழன் வட்டம் போட்டு வெச்சிருந்தேன். இன்னொண்ணு, மாத்திரை வேலை செய்ய ஆரம்பிச்சா, இந்தக் கட்டியால நின்னுபோன பீரியட்ஸ் மறுபடி வர்றதுக்கு முன்னாடியே கரு தங்கிடலாம், பீரியட்ஸே வரலியேன்னு அசால்ட்டா இருக்காதீங்க, டாக்டர் ஓகே சொல்ற வரைக்கும் காண்டம்.

நாள் தள்ளிப்போச்சா, உடனே டெஸ்ட் பண்ணுங்க. பாசிட்டிவ்னா அன்னிக்கே எண்டோகிரைன் (ஹார்மோன்) டாக்டருக்கு போன். மைக்ரோன்னா வழக்கமா மாத்திரைய நிறுத்திடுவாங்க, கண் நரம்பு பக்கத்துல இருக்கற பெரிய கட்டின்னா தொடரவும் சொல்லலாம். நீங்களா முடிவெடுக்காதீங்க.

அப்புறம் மாசாமாசம் ப்ரோலாக்டின் டெஸ்ட்டுக்கு காசு கொட்டாதீங்க. கர்ப்பத்துல அது எல்லாருக்குமே 10 மடங்கு வரைக்கும் ஏறும், நம்பர பாத்து தூக்கம் போனதுதான் மிச்சம். கவனிக்க வேண்டியது கண்ணையும் தலைவலியையும். ஈஸ்ட்ரோஜனால பிட்யூட்டரியே கொஞ்சம் பெருசாகும், கூட கட்டியும் வளந்தா கண் நரம்ப அழுத்தும், அப்ப நேரா பாக்கறது தெளிவா இருக்கும், ஓரம்தான் மங்கும், கதவு நிலைல தோள் இடிச்சுக்கிட்டே இருப்போம், தூக்கக் கலக்கம்னு நெனச்சுக்குவோம். மேக்ரோன்னா மூணு மாசத்துக்கு ஒரு தடவை ஃபீல்ட் டெஸ்ட் கேட்டு வாங்குங்க, தாடைய வெச்சு ஒரு கிண்ணத்துக்குள்ள பாக்கணும், ஓரத்துல வெளிச்சப் புள்ளி தெரிஞ்சா பட்டன அமுக்கணும், அவ்ளோதான். சந்தேகம் வந்தா மட்டும் எம்ஆர்ஐ, அதுவும் டை போடாம. வளந்திருந்தா மறுபடி மாத்திரை, அதுக்கும் கேக்கலன்னாதான் ஆபரேஷன்.

திடீர்னு மண்டைய பிளக்கற வலி, கூடவே வாந்தின்னா மசக்கைன்னு படுத்துக்காதீங்க, நேரா எமர்ஜென்சி.

தாய்ப்பால் தாராளமா குடுக்கலாம், அதனால கட்டி வளராது. ஆனா கேபர்கோலின் மறுபடி ஆரம்பிச்சா பால் வத்திடும், அதனால எப்ப ஆரம்பிக்கறதுன்னு பேசிக்கோங்க. பால் நிறுத்தினப்புறம் ஒரு ப்ரோலாக்டின் பாருங்க, சிலருக்கு பிரசவத்துக்கப்புறம் தானாவே நார்மலாகி மாத்திரையே தேவப்படறதில்ல.